247 எழுத்தும் தெரிந்த பிள்ளைக்கு ஏன் வாசிக்க வரவில்லை

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் தமிழ் மீடியத்தில் இரண்டாம் வகுப்பு. எழுத்து அத்தனையும் ஒப்பிக்கிறாள், சொன்னால் எழுதவும் செய்கிறாள், ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் 'மானா, ரானா, இம்' என்று சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்க்கிறாள். அது மரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்து முறைதான் முறை என்கிறார், பள்ளியில் போகப்போக வந்துவிடும் என்கிறார்கள், பக்கத்து வீட்டு மாஷ், அதாவது வாத்தியார், எழுத்தின் ஓசையைச் சொல்லி வாசிக்கப் பழக்கும் இங்கிலீஷ் போனிக்ஸ் மாதிரி தமிழுக்கும் வேண்டும் என்கிறார். நடுவில் மலையாளமும் தொடங்கிவிட்டது. இதில் யார் சொல்வதைக் கேட்பது, பழைய முறை என்றால் அது உண்மையில் என்ன என்பது கேள்வி.

தம்பி, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எடுத்தவள் நான். உங்கள் மகளைப் போல வருஷத்துக்கு ஐந்தாறு பேராவது என் வகுப்பில் இருந்திருப்பார்கள், அதனால் முதலில் பயப்படாதீர்கள். தாத்தா, ஸ்கூல், மாஷ் மூன்று பேர் சொல்வதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிய கொஞ்சம் பழைய கதை வேண்டும், பொறுமையாகக் கேளுங்கள்.

தாத்தா சொல்கிற திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதும். எழுதும்போதே உரக்கச் சொல்லும். கை, கண், வாய், காது நாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், இதை நான் குறைவாகவே சொல்ல மாட்டேன். கை தேறினபிறகு ஓலையும் எழுத்தாணியும். வாத்தியார் ஒருவர்தான், ஆனால் தேறின பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்கு முறை வைப்பான். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், நிகண்டு, எண்சுவடி எல்லாம் மனப்பாடம். கணக்கில் முந்திரி என்றால் 320ல் ஒரு பங்கு, அதையும் பாட்டாகவே படிப்பார்கள். ஆரம்பத்தில் அரி நமோத்து சிந்தம் சொல்லித்தான் தொடக்கம், அரிச்சுவடி என்ற பேரே அந்த அரியிலிருந்து வந்தது என்பார்கள். மலையாளத்தில் விஜயதசமியன்று அரிசியில் 'ஹரிஸ்ரீ கணபதயே நமஹ' எழுதுவிக்கிறார்களே, அதுவும் அதே குடும்பம்தான். நம்ம சித்தூரிலேயே சோகநாசினிக் கரையில் துஞ்சத்து எழுத்தச்சன் குருமடம் இருக்கிறது. எழுத்தச்சன் என்றாலே எழுத்து சொல்லிக் கொடுக்கிறவர் என்றுதான் அர்த்தம், வாத்தியார் வேலையின் பேரையே மலையாள மொழியின் பிதாவுக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை வெளிநாடு போன கதை தெரியுமா? 1789ல் மெட்ராஸ் எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பாளராக வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஊர்ப்பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, இங்கேயும் அப்படிச் செய்யுங்கள் என்றார். சம்பளம் வாங்கும் வாத்தியார்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சரி என்று எட்டு வயசுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு எழுத்து வகுப்பை அவன் கையில் கொடுத்தார். வாத்தியார்களுக்கு வராதது அவனுக்கு வந்தது. 1797ல் இதை லண்டனில் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்ற பேரில் இங்கிலாந்தில் எத்தனையோ பள்ளிகளில் அது ஓடியது. நம்ம சட்டாம்பிள்ளை கப்பல் ஏறாமலே சீமைக்குப் போய்விட்டான்.

ஆனால் தாத்தா சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. தாமஸ் மன்றோ கவர்னராக இருந்தபோது சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடக் கணக்கு எடுத்தார். 1826ல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர்தான். திண்ணையில் ஏற விடப்படாத சாதிகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திருவிதாங்கூரில் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று ராணி கௌரி பார்வதி பாயி 1817லேயே ஆணை போட்டார், அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் ஒடுக்கப்பட்டோர் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் அழைத்துப்போனபோது அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். ஆகவே பழைய முறை எல்லோரையும் படிக்க வைத்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அதே கணக்கெடுப்பில் பெல்லாரி கலெக்டர் கேம்பல் 1823ல் எழுதிய அறிக்கை இன்னும் சுவாரசியம். காலையில் முதலில் வருகிற பையன் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம், இரண்டாவது வருகிறவனுக்கு ஒரு சுன்னம், அதாவது பூஜ்யம், மூன்றாவது ஆளுக்கு ஒரு அடி, நாலாவதுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டு போகும். பிள்ளைகள் செய்யுளாகக் கொட்டுகிறார்கள், அர்த்தம் கேட்டால் கிளிப்பிள்ளைக்குத் தெரிந்ததுதான் தெரிகிறது என்றும் எழுதினார். இதைப் படித்துவிட்டு நம் ஆட்களில் பலரும் மனப்பாடம் என்றாலே மூடத்தனம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காலத்து ஏட்டை ஒருமுறை பார்த்தவருக்கு மனப்பாடத்தின் காரணம் விளங்கும்.

ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, அதை இன்று நாம் எழுதும் வடிவத்துக்குக் கொண்டுவந்தது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் என்று சொல்வார்கள். போதாததற்குக் காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். ஏட்டில் 'பொன' என்று கண்டால் அது பொன்னா, போனதா என்று முன்னே பின்னே பார்த்து, பாட்டின் ஓசையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அதாவது பாட்டு ஏற்கெனவே காதில் இருப்பவனால்தான் ஏட்டை வாசிக்க முடியும். மனப்பாடம் அங்கே வாசிப்புக்குப் பக்கத்தில் இருந்த தனி வேலை இல்லை, வாசிப்பின் பாதியே அதுதான்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா தினமும் சாயங்காலம் பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றை வைத்து ராகம் போட்டு வாசிப்பார். ஒருநாள் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டுவிட்டது. அவர் பாட்டுக்கு விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்ந்து படித்துக்கொண்டு போனார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கண் ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் போனது. அவர் ஏமாற்றினார் என்று அன்றைக்கு நினைத்தேன். டீச்சர் ஆனபிறகுதான் அவர் படித்த விதமே அது என்று புரிந்தது.

அச்சு வந்தபிறகு தேவை மாறிவிட்டது. 1554ல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ் ஜெபப்புத்தகம் அச்சானது, பிறகு 1578ல் நம்ம கொல்லத்திலேயே தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம், மொத்தம் 16 பக்கம். அச்சுப் புத்தகம் என்றால் இதுவரை காதில் விழாத ஒன்றைத் தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். புள்ளியும் இடைவெளியும் நெடிலும் குறிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கண்ணால் பார்த்ததை உடனே ஓசையாக மாற்ற வேண்டும். ஆனால் சொல்லிக்கொடுக்கும் முறை மட்டும் ஓலைக் காலத்திலேயே நின்றுவிட்டது. ஆனா, ஆவன்னா, கானா, மானா என்று எழுத்தின் பேரைச் சொல்லித் தருகிறோம், ஓசையைச் சொல்லித் தருவதில்லை. மானா ரானா இம் மூன்றையும் எத்தனை வேகமாகச் சேர்த்தாலும் 'மானாரானாஇம்' வருமே தவிர மரம் வராது. உங்கள் மகள் மாட்டிக்கொண்டிருப்பது சரியாக இந்த இடத்தில்தான்.

இதே முட்டல் வெள்ளைக்காரனுக்கும் இருந்தது, அங்கேதான் மாஷ் சொல்லும் போனிக்ஸ் வருகிறது. சீ, ஏ, டீ என்று மூன்று பேர் சொன்னால் கேட் எப்படி வரும்? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஹொரேஸ் மான் என்ற கல்வியாளர் எழுத்தைத் தனியாகக் காட்டினால் பிள்ளைக்கு அது ரத்தமில்லாத எலும்புக்கூடு என்று திட்டினார். அப்புறம் முழுச் சொல்லையும் படம் போலக் காட்டிப் பழக்கும் முறை வந்து அங்கே பல வருஷம் ஆண்டது. 1955ல் ருடால்ஃப் ஃப்ளெஷ் அதைக் கிழித்து ஒரு புத்தகம் எழுத, சண்டை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. 2000ல் அமெரிக்க அரசு அமைத்த வாசிப்புக் குழு ஆய்வுகளையெல்லாம் அலசி, எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள உறவை ஒழுங்காக, நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதுதான் பலன் தருகிறது என்றது. ஸ்வீடன் கதை வேறு: 1686ன் தேவாலயச் சட்டப்படி எல்லோரும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், எழுதுவது மட்டும் கட்டாயமில்லை. எழுதித்தான் படிக்க ஆரம்பிக்கணும் என்று வளர்ந்த நமக்கு அது விநோதமாகத் தெரியும். 1939ல் அடையாறுக்கு வந்து இறங்கிய மரியா மாண்டிசோரி என்ற இத்தாலியக் கல்வியாளரோ நம்ம பக்கம், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைத் தடவிப் பழகிய பிள்ளை எழுதிக்கொண்டே வாசிப்புக்கு வரும் என்பது அவர் கட்சி.

முழுச் சொல்லைப் படமாகப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். 1990ல் பிப்ரவரி 4ஆம் தேதி எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள், அந்த அலை கேரளம் முழுக்கப் பரவி 1991 ஏப்ரல் 18ஆம் தேதி கோழிக்கோட்டில் மலப்புறத்துக்காரர் சேலக்கோடன் ஆயிஷா மேடையேறி மாநிலமே எழுத்தறிவு பெற்றுவிட்டதாக அறிவித்தார். அந்த இடைப்பட்ட காலத்தில் நானும் ராத்திரி வகுப்பு எடுத்தேன். பெரும்பாலும் கடலைக்காட்டுக்கும் கரும்புக்காட்டுக்கும் போய்விட்டு வரும் தமிழ்ப் பெண்கள். அதில் ஒரு அக்கா பஸ் போர்டு நன்றாகப் படிப்பார். பொள்ளாச்சி, கோயம்புத்தூர் இரண்டும் தப்பவே தப்பாது. எப்படி என்று கேட்டேன், 'நீளமா இருந்தா கோயம்புத்தூர், நடுவுல மேல புள்ளி வச்சிருந்தா பொள்ளாச்சி' என்றார். ஒருநாள் புதுசாக வேறொரு ஊர்ப்பேர் போர்டு வந்தது, நீளத்தைப் பார்த்து ஏறிவிட்டார், திரும்பி வர இருட்டிவிட்டது. படமாகப் படித்தால் தெரிந்த சொல்லை மட்டும்தான் படிக்கலாம்.

அந்த இயக்கத்தில் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதத்தில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பிரேசிலில் 1963ல் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார், செங்கல் மாதிரி அவர்கள் வாயில் தினம் புழங்கும் சொல்லை எடுத்து அசை அசையாக உடைத்து, ஒவ்வொரு அசைக்கும் அதன் வரிசையைக் காட்டி, அதிலிருந்து அவர்களையே புதுச் சொல் கட்டச் சொல்வது. நம்ம எழுத்து பிறவியிலேயே அசை எழுத்து, க கா கி கீ வரிசை தயாராக இருக்கிறது, ஆகவே இந்த முறை தமிழுக்கு அளவெடுத்துத் தைத்தது போல. அந்த அக்காவுக்கு அவர் பேரிலிருந்து ஆரம்பித்தேன். முதல் எழுத்து பிடிபட்ட ராத்திரி அவர் சுவரில் கரியால் எழுதிவைத்தது வெகுநாள் அப்படியே இருந்தது.

ஸ்கூல் சொல்வது போல 'போகப்போக வரும்' என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கேரளத்தில் 1990களின் பின்பாதியில் பாடப்புத்தகத்தை மாற்றினபோது எழுத்து வரிசையைப் பின்னால் தள்ளி, கதை, சந்தர்ப்பம், வாக்கியம் என்று முழுசிலிருந்து உள்ளே போகும் முறைக்குப் போனார்கள். எழுத்திலிருந்து தொடங்கும் பழைய மலையாளப் பாடமான தற, பற, பன படித்தவர்களுக்கு வயிறெரிந்தது, அட்சரமாலை, அதாவது எழுத்து வரிசை, எங்கே என்று வருஷக்கணக்காகக் கேட்டு, 2022ல்தான் மலையாளப் புத்தகத்தில் அதைத் திரும்பச் சேர்க்கும் முடிவு வந்தது. தமிழ்நாட்டில் அதே காலகட்டத்தில் வேறு பாதை: ஆந்திர எல்லையில் மதனப்பள்ளிப் பக்கத்து ரிஷி வேலியில் வளர்ந்த அட்டை முறையைப் பார்த்து, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கக் கொண்டுபோன செயல்வழிக் கற்றல். பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறும். 2022ல் எண்ணும் எழுத்தும் என்ற தொடக்க வகுப்புத் திட்டம் வந்தது. முழுசிலிருந்து போகும் முறையில் வீட்டில் கதை கேட்டு, புத்தகம் பார்த்து வளர்ந்த பிள்ளை தப்பித்துக்கொள்ளும், அது தானே உடைத்துக் கண்டுபிடித்துவிடும். அந்த வசதியில்லாத பிள்ளைக்கு யாராவது உடைத்துக் காட்டியே ஆக வேண்டும். இது என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

சரி, போனிக்ஸ் தமிழுக்கு வேண்டுமா? இங்கிலீஷ் போனிக்ஸை அப்படியே எடுத்து வந்தால் வேலைக்கு ஆகாது. இங்கிலீஷில் எழுத்து 26தான், உச்சரிப்புதான் தொல்லை. தமிழில் உச்சரிப்பு கிட்டத்தட்ட ஒழுங்கு, உருவம்தான் ஏகப்பட்டது. ஆனால் 247 என்று பயமுறுத்தாதீர்கள், 12 உயிர், 18 மெய், அப்புறம் கால், கொம்பு, விசிறி, சுழி என்று சில குறிகள். உண்மையில் தனியாக நினைவு வைக்க வேண்டியது உகர ஊகார வரிசைதான், கு, சு, டு, மு என்று ஆளுக்கொரு வால். 1978க்கு முன்னால் இன்னும் மோசம், ணா, றா, னா, லை, னை மாதிரி 13 எழுத்துக்குத் தனி உருவம் இருந்தது, பெரியார் 1935லேயே தன் குடியரசு பத்திரிகையில் மாற்றிப் போட்டதை அரசு ஏற்க அத்தனை வருஷம். தாத்தா வீட்டுப் பழைய புத்தகத்தைப் பிள்ளையிடம் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள், தும்பிக்கை வைத்த னையைப் பார்த்துக் குழம்பும்.

தமிழில் ஓசைத் தொல்லை ஒன்றே ஒன்று உண்டு, க ச ட த ப இருக்கும் இடத்தைப் பொறுத்து ஓசை மாறும். பம்பரத்தில் முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. பகலில் வரும் க, தங்கத்தில் வரும் க, கடலில் வரும் க மூன்றும் மூன்று. இதற்கு விதி சொல்லித்தர வேண்டியதில்லை, அந்தச் சொல் காதில் இருந்தால் வாய் தானே திருத்திக்கொள்ளும். மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளை என் வகுப்பில் தமிழ் வாசித்தால் இரண்டு ப-வையும் ஒரே மாதிரி அழுத்திச் சொல்லும், எழுத்துப் பிழையே இருக்காது, ஆனால் சொல் பிடிபடாது. தாத்தா முறையில் காப்பாற்ற வேண்டிய பாதி இதுதான்: காது முதலில்.

இனி என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். முதலில் கண்ணையும் காதையும் ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள், கரும்பலகை தெரியாததாலேயே மக்கு என்று பேர் வாங்கின பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் கானா மானாவை நிறுத்துங்கள், ம என்றால் ம தான். தினம் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ட, ப, ம, ர என்று கோடு குறைவான நாலைந்து எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு படம், மடம், மரம், பட்டம் என்று அவளுக்குத் தெரிந்த சொல்லாகக் கட்டுங்கள். மரம் என்பதை ம-வில் இழுத்து, விடாமல் ர-வுக்குப் போய், ம்-மில் வாயை மூடச் சொல்லுங்கள், நடுவில் நிறுத்தக் கூடாது. அப்புறம் ஒரு கால் சேர்த்துப் பாருங்கள், படம் பாடம் ஆகும், பிள்ளைகளுக்கு அது மந்திரம் மாதிரி. கொம்பு வரும் எழுத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அது எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஓசை பின்னால் வரும், கண்ணுக்கும் வாய்க்கும் வரிசை தலைகீழ். மணல் கிடைத்தால் மணல், இல்லையென்றால் தாம்பாளத்தில் கொஞ்சம் ரவை. எழுதும்போது வாய் சும்மா இருக்கக் கூடாது. ராத்திரி நீங்களோ அவள் அம்மாவோ ஒரு பக்கம் கதை வாசித்துக்காட்டுங்கள், விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு. இது பாடமில்லை, கேள்வி கேட்காதீர்கள்.

மலையாளத்தை நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம், ஆனால் வீட்டில் இரண்டு எழுத்தையும் ஒரே உட்காரலில் எடுக்காதீர்கள். தமிழ் ட ஒரு மூலை, மலையாள ட இங்கிலீஷ் எஸ் போல நெளியும், ஒரே நாளில் இரண்டையும் காட்டினால் இரண்டும் போச்சு. மலையாளத்தில் 1971 சீர்திருத்தத்துக்குப் பிறகு உகரக் குறி தனியாக நிற்கிறது, தமிழில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த வகையில் மலையாளம் கொஞ்சம் லேசு. ஆனால் அங்கே ക, ഖ, ഗ, ഘ என்று, தமிழில் ஒரே க-வால் எழுதும் இடத்தில் நாலு ஓசைக்கு நாலு எழுத்து, அதோடு கூட்டெழுத்து, சில்லு என்னும் தனி மெய்யெழுத்து உருவங்கள், அந்த வகையில் கனம். இப்போதைக்கு மலையாளம் வாயிலும் காதிலும் மட்டும் இருக்கட்டும். ஒரு மொழியில் வாசிப்பு பிடிபட்ட பிள்ளை அடுத்த மொழிக்குப் பாதி தூரம் போய்விட்டது மாதிரிதான், மூன்றாம் வகுப்பில் பாய்ந்து போவாள். மூன்று நாலு மாசம் இப்படிச் செய்தும் மரம் மரமாக வரவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளில் பம்பரம் என்று எழுதிக் கொடுங்கள், படம் காட்டக் கூடாது. இரண்டு ப-வையும் ஒரே மாதிரி சொன்னால் அவள் இன்னும் எழுத்தைத்தான் பார்க்கிறாள். இரண்டாவது ப தானாக மெலிந்தால் சொல் காதில் விழுந்துவிட்டது. ஒரு மாசம் கழித்து மறுபடி அதே தாளைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, எப்படிச் சொன்னாள் என்று எழுதுங்கள்.